பத்தாம் தரம் கேட்ட ஊர்

எங்கள் ஊர்ப் பள்ளிக்கூடம் ஒன்பதாம் தரத்தோடு முடிந்துவிடும். அதற்கு மேல் படிக்க வாவியைக் கடந்து கிழக்கே எழுவான்கரைக்குப் போகவேண்டும். போவதற்கு இருந்தது பாதை. பாதை என்றால் ரோட்டு இல்லை. ஆளையும் சைக்கிளையும் நெல்மூட்டையையும் ஒன்றாக ஏற்றி இழுத்துக்கொண்டு போகும் மிதவைக்கு எங்கள் பக்கத்தில் அதுதான் பெயர். ஏறும் இடத்தில் அரசாங்கத்தோடு சண்டைபிடிக்கும் இயக்கத்தின் சாவடி, இறங்கும் இடத்தில் ராணுவத்தின், எங்கள் வாயில் ஆமியின், சாவடி. இரண்டிலும் கேள்வி. எங்கே போகிறாய், யாரிடம் போகிறாய், ஏன் போகிறாய், எப்போது திரும்புவாய். பதினைந்து வயதுப் பெண்பிள்ளையைப் பள்ளிக்கூடப் பையோடு தினமும் அதற்குள்ளால் போய்வா என்று எந்தத் தாய் சொல்லுவாள்? ஒன்பது முடித்தவள் வீட்டில் இருப்பாள். வீட்டில் சும்மா இருக்கும் பிள்ளையை இயக்கம் தன் படைக்குக் கேட்டு வந்துவிடும் என்ற பயத்தில் ஒரு வருடத்துக்குள் கல்யாணத்தைக் கட்டிவைத்துவிடுவார்கள். வாவிக்கு மேற்கே, எங்கள் படுவான்கரையில் அந்தக் காலத்தில் பெண்பிள்ளையின் படிப்பு அவ்வளவுதான்.

நான் தப்பிவிட்டேன். சண்டை அவ்வளவு முற்றாத நேரத்தில் அக்கரையில், களுவாஞ்சிக்குடியில் மாமி வீட்டில் நின்று உயர்தரம் வரை படித்து, ஊருக்கு வந்து அதே பள்ளிக்கூடத்தில் தொண்டர் ஆசிரியையாகச் சேர்ந்தேன். தொண்டர் என்றால் அரசாங்கச் சம்பளம் கிடையாது, மரியாதை மட்டும் உண்டு. என் தங்கச்சி தப்பவில்லை. நான் சொல்லப்போவது அவள் கதை. இது நடந்த வருடம் அவள் ஒன்பதாம் தரம். என்னைவிடக் கெட்டிக்காரி. நான் தாளில் எழுதிப் பார்க்கும் கணக்கை அவள் தேங்காய் துருவிக்கொண்டே வாயால் சொல்லிவிடுவாள். எனக்கு எரிச்சல் வரும், பெருமையும் வரும். அடுத்த வருடம் எங்கள் பள்ளிக்குப் பத்தாம் தரம் வந்தால் அவள் படிப்பாள், வராவிட்டால் இல்லை. வீட்டில் எங்கள் மூன்று பேருக்கும், அம்மாவுக்கும் எனக்கும் அவளுக்கும், இருந்த ஒரே கவலை அதுதான்.

அந்தப் பள்ளிக்கூடம் நடந்த விதத்தை முதலில் சொல்லவேண்டும். கல்வி அலுவலகம் வாவிக்கு அந்தப் பக்கம். அங்கிருந்து ஒரு சுற்றறிக்கை வந்துசேரும்போது அது சொன்ன நான்கு மாதத் தவணையே முடிந்துபோயிருக்கும். அதிகாரிகள் வருவதில்லை, வர ஏலாது. அதனால் ஊர் தானாகவே பள்ளிக்கூடத்தை நடத்தத் தொடங்கியது. யாரும் திட்டம் போட்டுத் தொடங்கவில்லை, எங்கள் அம்மாவின் வாயால் தொடங்கியது.

விதைப்புக்கு முன்னால் வட்டைக்காரர்கள், அதாவது ஒரே வயல்வெளியில் வேளாண்மை செய்கிறவர்கள், கோயில் முன்றலில் கூடுவது எங்களுக்கு எப்போதும் உள்ள வழக்கம். என்றைக்கு விதைப்பது, என்றைக்கு மாட்டை வெளியேற்றுவது, எந்த வாய்க்காலை யார் வெட்டுவது எல்லாம் அங்கே முடிவாகும். அறுவடை முடிந்ததும் மறுபடி கூடுவார்கள். சொன்னதைச் செய்யாதவன் எழுந்து நின்று மறுமொழி சொல்லவேண்டும். அம்மாவுக்குச் சீதனமாக வந்த வயல் அந்த வட்டையில் இருந்தது. அப்பா செத்த பிறகு அம்மாதான் கூட்டத்துக்குப் போவார், போனால் வாய் மூடமாட்டார். ஒருநாள் கூட்டம் முடிகிற நேரம், ஓரத்தில் நின்ற பள்ளிக்கூட அதிபரைப் பார்த்துக் கேட்டார்.

“மாடு வயலுக்க பூந்தா ஆரு காவல் எண்டு கேக்கிறம். புள்ள வாசிக்கத் தெரியாம அஞ்சாம் வகுப்புக்குப் போனா ஆரிட்டக் கேக்கிற?”

எல்லாரும் சிரித்தார்கள். அதிபர் சிரிக்கவில்லை. அவர் எழுவான்கரைக்காரர், ஓய்வுபெறக் கொஞ்சக் காலமே இருந்த மனிதர், கிழமை முழுக்கப் பள்ளிக்கூடத்திலேயே தங்கிச் சமைத்துச் சாப்பிடுகிறவர். “சரி, என்னட்டக் கேளுங்க. நான் வாறன், நிண்டு சொல்றன்,” என்றார். அப்படித்தான் ஒவ்வொரு தவணைக்கும் முன்னால் ஒரு கூட்டம், முடிய ஒரு கூட்டம் என்று வந்தது.

அதில் முடிவான விஷயங்களை இப்போது நினைத்தாலும் எனக்கு வியப்புத்தான். ஆசிரியர்களில் பாதிப்பேர் பாதையில் வருகிறவர்கள்; ஆகவே மணி அடித்துப் பள்ளி தொடங்குவதில்லை, பாதை வந்துசேர்ந்தால் பள்ளி தொடங்கும். நெல்லு வெட்டும் நாட்களில் லீவு, அதற்குப் பதிலாகச் சனிக்கிழமைகளில் படிப்பு. வாசிக்கத் தெரியாத பிள்ளைகள் எந்த வகுப்பாக இருந்தாலும் காலையில் என்னோடு வேப்பமரத்தடியில் இருக்கவேண்டும். என்னைப்போன்ற தொண்டர்களுக்கு அறுவடையில் வீட்டுக்கு வீடு கொஞ்சம் நெல்லு. தவணை முடிவில் ஒவ்வொரு ஆசிரியரும் முன்றலில் நின்று, சொன்னதில் எது நடந்தது, எது நடக்கவில்லை என்று சொல்லவேண்டும். நானும் நின்றிருக்கிறேன். ஊர்ப் பெண்கள் கேட்கும் கேள்விக்கு முன்னால் எந்தப் பரீட்சையும் ஒன்றுமில்லை.

பிள்ளைகளும் பேசலாம் என்று வைத்தோம். ஒரு தடவை என் தங்கச்சி எழுந்து, “கணக்கு சேர் பின்னம் படிப்பிக்காம விட்டுட்டார்,” என்றாள். கணக்கு ஆசிரியரின் முகம் சிவந்தது. பாதை ஓடாத நாட்களைச் சொன்னார். “அப்ப சனிக்கிழமைல படிப்பியுங்க, நாங்க சோறு தாறம்,” என்றது ஊர். அந்த மனிதர் ஒரு கிழமையாக என் முகத்தைப் பார்க்கவில்லை, நான்தான் தங்கச்சிக்குச் சொல்லிக்கொடுத்தேனாம்! ஆனால் பின்னம் படிப்பித்தார், அதுவும் நன்றாகப் படிப்பித்தார். எங்கள் பிள்ளைகள் கணக்குக்குப் பயப்படாமல் போனது அந்தச் சனிக்கிழமைகளால்.

பிறகு சண்டை ஓய்ந்து, சமாதானம் என்று சொல்லிக்கொண்ட காலம் வந்தது. பாதை ஒழுங்காக ஓடியது, சாவடிகள் மட்டும் இருந்த இடத்திலேயே இருந்தன. அதிபர் ஒருநாள் எழுவான்கரையிலிருந்து செய்தி கொண்டுவந்தார். பாடசாலைகளை மதிப்பிட ஓர் அதிகாரி வருகிறார். எந்தப் பள்ளி தானே முடிவெடுத்து நடக்கிறது, எடுத்த முடிவுக்கு யாருக்கு மறுமொழி சொல்கிறது, பெற்றோருக்குக் கேள்வி கேட்க இடமுண்டா, இதையெல்லாம் கேட்டுப் புள்ளி போடுவாராம். அந்தப் புள்ளியைப் பார்த்து அடுத்த வருடம் எந்தப் பள்ளிக்குப் பத்தாம் தரம் என்று முடிவாகுமாம்.

எனக்குத் துள்ளிக் குதிக்க வேண்டும்போல இருந்தது. அட, இது எங்களுக்காகவே செய்த பரீட்சை அல்லவா! இந்த மாவட்டத்தில் எங்களைவிட எந்தப் பள்ளி தன்னைத்தானே நடத்துகிறது? அதை நான் கோயில் முன்றலில் எழுந்து சொன்னேன். இருப்பதை இருப்பதுபோலச் சொன்னாலே போதும் என்றேன்.

அதிபர் தலையைக் குனிந்துகொண்டு நின்றார். “நேரசூசி நம்மட, லீவு நம்மட, தொண்டர் ஆசிரியர் நம்மட. இதில ஒண்டுக்கும் அனுமதியில்ல. வெளிய தெரிஞ்சா எனக்குப் பென்சனும் இல்ல,” என்றார். அவரைக் குறை சொல்ல எனக்கு மனமில்லை. அவர் சொன்னது பொய்யும் இல்லை. கூட்டத்தில் வேறொருவர் கேட்டார், “நெல்லுச் சேத்தம் எண்டா, ஆருக்குச் சேத்த எண்டு நாளைக்கு ஆமி கேட்டா என்ன சொல்ற?” இயக்கத்துக்கு நெல்லுச் சேர்த்ததாக ஆமியிடம் அடிவாங்கியவர்கள் அந்தக் கூட்டத்திலேயே இருந்தார்கள்.

நான் விடவில்லை. “தானா நடத்தத் தெரிஞ்ச பள்ளி எதுவெண்டு பாக்கத்தானே அவர் வாறார்?” என்று கத்தினேன். அம்மா என்னைத் திரும்பிப் பார்த்து, “அரசாங்கம் எந்தக் காலத்தில சொன்னதக் கேளாதவனுக்குப் பரிசு குடுத்திருக்கு? சொன்னதக் கேக்கிற பள்ளிக்கூடத்துக்குத்தான் பத்தாம் வகுப்புக் குடுப்பான். நீ சும்மா இருகா!” என்றார். ஊர் முழுக்கத் தலையாட்டியது. பள்ளிக்கூடம் எப்படி நடக்கவேண்டும் என்று இத்தனை தவணையாகக் கேள்வி கேட்டுக் கேட்டுச் சரிசெய்த அதே வாய்தான் இதைச் சொன்னது.

அம்மாவின் தலையில் இருந்தது சாவடிதான், எங்கள் பேச்சில் சென்றி. கேள்வி கேட்க வருகிறவன் எவனாக இருந்தாலும் அவனுக்கு மறுமொழி சொல்லும் முறை ஒன்றுதான் என்று அந்த வருடங்கள் எங்களுக்குப் பழக்கியிருந்தன. நிலத்தைப் பார். கேட்டதற்கு மட்டும் சொல். இன்னொருவர் பெயரைச் சொல்லாதே. தெரிந்தாலும் தெரியாது என்று சொல். எங்கள் பிள்ளைகள் அரிச்சுவடிக்கு முன்னால் படித்த பாடம் அது. அந்தக் கிழமை முழுக்க அம்மா வீடுவீடாகப் போய், “சென்றியில சொல்றமாதிரிச் சொல்லுங்க, மனே,” என்று சொல்லிக்கொண்டு திரிந்தார். பத்தாம் தரத்தை எப்படியாவது தங்கச்சிக்கு வாங்கிக்கொடுக்க வேண்டும் என்று திரிந்தார்.

அதிகாரி வந்தார். சைக்கிளை உருட்டிக்கொண்டு, காற்சட்டை முழங்கால் வரை நனைந்து, மூக்குக்கண்ணாடியைத் துடைத்துத் துடைத்து வந்த மெலிந்த மனிதர். நல்ல மனிதர். இளநீர் கொடுத்தால் பிள்ளைகளுக்குக் கொடுங்கள் என்று சொன்னார். கெட்டவனாக இருந்திருந்தால் திட்டித் தீர்த்திருக்கலாம், அதற்கும் கொடுத்துவைக்கவில்லை. மண்டபத்தில் கதிரை போட்டு இருத்தினோம். பெற்றோர் பாயில் இருந்தார்கள்.

“பள்ளி தொடங்குற நேரத்த ஆரு முடிவெடுக்கிற?” என்று கேட்டார்.

“சுற்றறிக்கைப்படி, சேர்,” என்றார் அதிபர்.

“பாதை பிந்தினா?”

“பிந்திறல்ல, சேர்.”

பாயில் இருந்தவர்களில் ஒருவரும் சிரிக்கவில்லை. அன்றைக்கு அவர் வந்த பாதையே பிந்தித்தான் வந்தது.

அவர் அம்மாவைப் பார்த்துக் கேட்டார், “ஒரு ஆசிரியர் ஒழுங்காப் படிப்பிக்கல்ல எண்டு வையுங்க அம்மா. நீங்க ஆரிட்டயும் போய்ச் சொல்லலாமா?”

அம்மா நிலத்தைப் பார்த்தார். எங்கள் அம்மா! “எங்களுக்கு அதெல்லாம் தெரியா சேர். நாங்க வயல் செய்ற ஆக்கள். மேலிடத்தில சொல்றபடி,” என்றார்.

“கூட்டம் ஏதும் வைக்கிறயா?”

“இல்ல சேர். கூட்டம் ஒண்டும் கூடுறல்ல.” அந்தக் காலத்தில் கூட்டம் என்றால் யாருடைய கூட்டம் என்று சாவடியில் கேட்பார்கள்.

மனிதர் களைத்துப்போனார். பேனையைக் கீழே வைத்துவிட்டு, “நான் ஆமியும் இல்ல, இயக்கமும் இல்ல. பள்ளிக்கூடத்துக்கு நல்லது செய்யத்தான் கேக்கிறன். பயப்படாமச் சொல்லுங்க,” என்று கெஞ்சுவதுபோலக் கேட்டார். ஐயோ, அதோடு காரியம் கெட்டது. சாவடியில் குரலைத் தணித்துப் பயப்படாதே என்று சொல்கிறவனிடம்தான் அதிகம் பயப்படவேண்டும் என்று எங்களுக்குத் தெரியும். பாயில் இருந்த முகங்கள் இன்னும் இறுகின.

நான் எழுந்தேன். “சேர், இங்க தவணைக்கு ரெண்டு கூட்டம்...” என்று தொடங்கியதும் அம்மா என் சேலையைப் பிடித்து இழுத்து இருத்தினார். அதிபர் உடனே, “புதுப்பிள்ளை சேர், விளக்கம் காணாது,” என்றார். அவர் என்னைப் பார்த்த பார்வையில் அவருடைய பென்சன் இருந்தது. வாயை மூடிக்கொண்டேன்.

கடைசியில் ஒரு பிள்ளையோடு பேசவேண்டும் என்றார் அதிகாரி. உள்ளதில் கெட்டிக்காரியைக் கூப்பிடுங்கள் என்றார். என் தங்கச்சி வந்து நின்றாள். வெள்ளைச் சட்டைக்கு அம்மா நீலம் போட்டுத் தோய்த்துக் கொடுத்திருந்தார். அவர் அவளுக்கு ஒரு கணக்குக் கொடுத்தார். கொடுத்து முடிக்கும் முன்னே விடையைச் சொன்னாள். இன்னொன்று கொடுத்தார். அதையும் சொன்னாள். அவர் முகம் மலர்ந்துபோயிற்று.

“இவ்வளவு நல்லாப் பின்னம் செய்றீங்க. ஆரு படிப்பிச்ச?”

“கணக்கு சேர்.”

“ஒரு பாடத்த அவர் படிப்பிக்காம விட்டா, நீங்க கேப்பீங்களா?”

அவள் தலையைக் குனிந்தாள். அந்தக் குனிதலை நான் பாதைத்துறைச் சாவடியில் எத்தனையோ தடவை பார்த்திருக்கிறேன். “இல்ல சேர். அப்பிடிக் கேக்கக்கூடாது,” என்றாள்.

“புள்ளைகள் படிக்கல்லையெண்டா ஆரு அதுக்குப் பொறுப்பு?”

“தெரியா சேர்.”

அவர் எழுதிக்கொண்டார். அவள் திரும்பிப் பாய்க்கு வந்ததும் அம்மா அவள் தலையைத் தடவி, காதில், “கெட்டிக்காரி மனே,” என்றார். அவளும் சிரித்தாள். முழுப்புள்ளி வாங்கிய பிள்ளையின் சிரிப்பு அது.

எனக்குப் பொறுக்கவில்லை. அவர் பாதைக்குப் போகும்போது பின்னாலேயே சைக்கிளை மிதித்துக்கொண்டு போனேன். துறையில் பிடித்து எல்லாவற்றையும் சொன்னேன். கூட்டம், சனிக்கிழமை, வேப்பமரத்தடி, பின்னம் கேட்ட என் தங்கச்சி, எல்லாம். நெல்லை மட்டும் விட்டுவிட்டேன். அவர் கண்ணாடியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு கேட்டு முடித்தார்.

“எனக்கும் சந்தேகம்தான் டீச்சர். ஒண்டும் தெரியாத பள்ளிக்கூடத்தில இப்பிடிக் கணக்குச் செய்ற புள்ள இராது. ஆனா ஊரே ஒண்டு சொல்லுது, நீங்க ஒராள் வேற சொல்றீங்க. உங்கட சொல்ல வைச்சு நான் புள்ளி போடேலா. அதிபரக் கொண்டு ஒரு வார்த்த சொல்லவையுங்க, மறுகா நான் பாத்துக்கொள்றன்,” என்றார்.

அதிபரிடம் போய் நின்றேன், கெஞ்சினேன், சண்டை பிடித்தேன். அவர் சோறு வடித்துக்கொண்டு நின்றார். “நான் போன பிறகு சொல்லு, மகள்,” என்றார். அவர் ஓய்வுபெற இன்னும் இரண்டு தவணை இருந்தது. தங்கச்சிக்கு இருந்தது ஒரு தவணை.

முடிவை அதிபரேதான் எழுவான்கரையிலிருந்து கேட்டுக்கொண்டு வந்தார். சுயமாக முடிவெடுக்கும் ஆற்றல் குறைந்த பாடசாலை. பெற்றோர் பங்களிப்பு இல்லை. பத்தாம் தரத்துக்கு இப்போதைக்கு ஏற்றதல்ல. அந்த வருடம் பத்தாம் தரம் கிடைத்தது, பெற்றோர் எட்டியே பார்க்காத ஒரு பள்ளிக்கு. அங்கே அதிபர் நன்றாகப் பேசக்கூடியவர். அதைக் கேட்டு நான் சிரித்தேன். சிரித்துவிட்டுக் குசினி அடுப்படிக்குப் பின்னால் போய் அழுதேன்.

அம்மாவுக்கு விளங்கவே இல்லை. “நாம ஒரு பிழையும் சொல்லல்லையே! ஒராள்ற பேரும் குடுக்கல்லையே!” என்று பல நாள் சொல்லிக்கொண்டிருந்தார். தங்கச்சி பள்ளிக்கூடச் சட்டையைப் பக்கத்து வீட்டுப் பிள்ளைக்குக் கொடுத்துவிட்டாள்.

கூட்டம் அதற்குப் பிறகு கூடவில்லை. கூட்டமே இல்லை என்று எல்லார் முன்னாலும் சொன்ன பிறகு எந்த முகத்தோடு கூடுவது? சனிக்கிழமைப் படிப்பும் நின்றது. கணக்கு ஆசிரியர் மாறிப் போனார். சமாதானமும் முறிந்தது. இயக்கம் பிள்ளை கேட்டு வரும் என்ற பேச்சு எழும்ப, தங்கச்சிக்கு அவசர அவசரமாகக் கல்யாணம் நடந்தது. மாப்பிள்ளை நல்ல பெடியன், வாவியில் வலை போடுகிறவர். எங்கள் வழக்கப்படி பெண்வீட்டுக்கே வந்து இருந்தார். அவளுக்கு ஒரு குறையும் வைக்கவில்லை. அந்தக் கல்யாணத்தில் நான் சாப்பிடவில்லை. வயிற்றுவலி என்று சொன்னேன்.

இப்போது அம்மா இல்லை, அதிபரும் இல்லை. பள்ளிக்கூடத்தில் உயர்தரம் வரை வகுப்பு இருக்கிறது. வாவிக்குப் பாலமும் வந்துவிட்டது. போன மாரியில் ஒரு பின்னேரம் தங்கச்சி வீட்டுக்குப் போயிருந்தேன். அவளுடைய மகள் பத்தாம் தரம். கணக்குப் புத்தகத்தைத் தாயிடம் கொண்டுவந்து நீட்டினாள். தங்கச்சி மீன் கழுவிய கையைச் சேலையில் துடைத்துக்கொண்டு வாங்கிப் பார்த்தாள். ஒரு பக்கம் புரட்டினாள், மறுபடி முதல் பக்கத்துக்கு வந்தாள்.

“இது எனக்குத் தெரியா மனே. பெரியம்மாட்டக் கேள். அம்மாக்குப் பின்னம் வரைக்கும்தான்,” என்றாள்.

பிள்ளை புத்தகத்தோடு என் பக்கம் வந்தாள். தங்கச்சி மீன்சட்டிக்குத் திரும்பினாள். செதில் சுரண்டினாள். பிறகு தலையை நிமிர்த்தாமல், கோபமே இல்லாத குரலில், உப்பு எங்கே என்று கேட்பதுபோலக் கேட்டாள்.

“அக்கா, அம்மா அண்டைக்குக் கோயிலடியில கேட்டாவே. மாடு பூந்தா ஆரு காவல் எண்டு கேக்கிறம், புள்ள படியாட்டி ஆரிட்டக் கேக்கிறெண்டு. நான் படிக்கல்லையே. ஆரிட்டக் கேக்கிற?”

ஊருக்கெல்லாம் வாயாடி நான். அந்த அதிகாரியைச் சொல்லலாம், அதிபரைச் சொல்லலாம், அம்மாவைச் சொல்லலாம், ஆமியை, இயக்கத்தை, யாரையும் சொல்லலாம். நான் நிலத்தைப் பார்த்துக்கொண்டு இருந்தேன்.

“தெரியா புள்ள,” என்றேன்.